குளத்தை வலம் வந்த உருவம்

“ஆளைக் கண்டுபிடிக்கணும். பேர் தெரியாது. முகம் தெரியாது. வயசும் தெரியாது” என்றார் ஜெயகிருஷ்ணன்.

“ஆதார் நம்பராவது இருக்குதா சார்?” என்று கேட்டான் அருள்மணி.

வைதேஹி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். நாற்பத்திரண்டு வயது அருள்மணி பதினைந்து வருடம் தில்லியில் ஆட்டோ ஓட்டியவன். ஆட்டோவை விற்றுவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. வாயை மட்டும் விற்கவில்லை.

வைதேஹியின் அலுவலகம் மோதி பாக்கில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. வரும் கேஸ்களில் முக்கால்வாசி வரன் விசாரணை. பையன் சொன்ன வேலை நிஜம்தானா, குடிப்பானா, ஏற்கனவே ஒரு மனைவி லக்னோவில் இருக்கிறாளா. இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிர்ப்புறம் புதிதாக வந்திருந்த வணிக வளாகத்தின் முற்றத்தில் மூவரும் நின்றிருந்தார்கள். பிப்ரவரி வெயில் இதமாக இருந்தது. எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு திரை. திரைக்குள் ஒரு பூங்கா. நடுவில் குளம், குளத்தைச் சுற்றி மணல், மணலைச் சுற்றி மரங்கள். ஏழெட்டு உருவங்கள் அங்கே உலாவிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே அச்சு. களிமண் நிறம், முகம் கிடையாது, ஆணா பெண்ணா என்பதும் கிடையாது.

“ஒவ்வொரு உருவமும் ஒரு ஆள்” என்றார் ஜெயகிருஷ்ணன். “அந்தப் பலகையில இருக்கற க்யூ.ஆர். கோடை போனால ஸ்கேன் பண்ணினா நமக்கு ஒரு உருவம் கிடைக்கும். அப்புறம் போன்தான் லகான். முன்னால சாய்ச்சா நடக்கும், பக்கத்துல சாய்ச்சா திரும்பும். நடந்த தடம் ஒரு நிமிஷம் மணல்ல இருக்கும், அப்புறம் அழிஞ்சிடும். கையாட்டலாம், பெஞ்சில உட்காரலாம். பேச முடியாது, மெசேஜ் அனுப்ப முடியாது.”

“நல்ல கல்யாணம் மாதிரி இருக்குது” என்றான் அருள்மணி.

ஜெயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அறுபத்தாறு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தில்லியில் ஏதோ ஒரு அமைச்சகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து எட்டு வருடம், முனிர்க்காவில் தனியாக ஒரு ஃப்ளாட். பழுப்பு நிற ஸ்வெட்டர், அதற்கு மேல் பொத்தான் போட்ட கோட்டு. போனை இரண்டு கையாலும் ஃபைல் மாதிரி பிடித்திருந்தார்.

“இதே மாதிரி திரை தில்லியில மூணு இடத்துல இருக்கு. மூணுக்கும் இந்த ஒரே பூங்காதான். இங்கேயிருந்து போறவங்க அந்த ஆலமரத்துக்குக் கீழே இருந்து வருவாங்க. துவாரகாக்காரங்க அந்தப் படிக்கட்டு வழியா. நேரு பிளேஸ்காரங்க அந்த மரப்பாலம் வழியா.”

“நீங்க தேடறவா?”

“பாலம். அஞ்சு மாசமா தினம் ஒண்ணு பத்துக்கு வரும். நானும் அந்த நேரத்துக்கு வந்திடுவேன். சேர்ந்து நடப்போம். பெஞ்சில உட்காருவோம். ஒண்ணு முப்பத்தஞ்சுக்குக் கையாட்டிட்டுப் போயிடும். பன்னெண்டு நாளா வரல.” அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். “உடம்புக்கு ஏதாவதுன்னா... அதான் தெரிஞ்சா போதும்.”

“இத்தனை உருவத்துல அதுதான்னு எப்படித் தெரியும்?”

அவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். திரையைத் தூரத்திலிருந்து எடுத்த பதினைந்து விநாடி. பாலத்திலிருந்து இறங்கிய உருவம் ஈர மணலுக்குப் போய், சுழித்து வளைந்து நடந்தது. தடம் விழ விழ ஓர் எழுத்து உருவாயிற்று.

அ.

பிறகு அந்த உருவம் எழுத்தின் தலைக்குப் போய், இடமிருந்து வலமாக ஒரு நேர்க்கோடு நடந்தது.

“வந்ததும் முதல்ல இதை எழுதும். தினமும்” என்றார் ஜெயகிருஷ்ணன்.

வைதேஹி வீடியோவை மறுபடி ஓட்டினாள். “தமிழ் எழுத்துக்கு மேலே எதுக்குக் கோடு?”

“அழகுக்கா?” என்றான் அருள்மணி.

“ஹிந்தியில எழுத்தை எழுதிட்டுக் கடைசியா மேலே ஒரு கோடு போடுவா. இவாளுக்குக் கை அப்படியே பழகியிருக்கு. தமிழ் வீடு, தில்லி ஸ்கூல். முதல்ல படிச்சது ஹிந்தி, தமிழ் அப்புறம் யாரோ ஆத்துல சொல்லிக் கொடுத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவா.”

ஜெயகிருஷ்ணன் திரையையே பார்த்தார்.

“வேற ஏதாவது பழக்கம்?”

“எழுதினதும் குளத்தைச் சுத்தும். முதல் பத்து நிமிஷம் வலப்பக்கமாவேதான் திரும்புவா. பிரதட்சிணம் மாதிரி. அப்புறம்தான் மத்தபடி நடக்கும்.”

“பக்தி ஜாஸ்தி போல” என்றான் அருள்மணி.

“பக்திக்குப் பத்து நிமிஷம்னு கணக்கா?” வைதேஹி தன் போனை எடுத்து க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தாள். “நீயும் பண்ணு. போனை வலது கையில மட்டும் பிடி. குளத்தைச் சுத்து.”

ஆலமரத்தின் கீழ் இரண்டு உருவங்கள் முளைத்தன. அருள்மணியின் உருவம் இரண்டு சுற்று வந்து நேராகக் குளத்துக்குள் இறங்கியது.

“மேடம், நான் தண்ணியில நிக்கறேன். பேண்ட் நனையல. மானம்தான் நனைஞ்சிருச்சு.”

“எந்தப் பக்கமாச் சுத்தினே?”

அவன் யோசித்தான். “இடப்பக்கமா. மணிக்கட்டு அப்படித்தான் சுலபமா சாயுது.”

“நான் இடது கையில பிடிச்சிண்டிருக்கேன். எனக்கு வலப்பக்கம்தான் சுலபமாச் சாயறது.” அவளுடைய உருவம் குளத்தை அழகாக வலம் வந்துகொண்டிருந்தது. “அந்த உருவம் முதல் பத்து நிமிஷம் போனை இடது கையில பிடிச்சிருக்கு. அப்புறம் ரெண்டு கை. மத்தியானம் ஒண்ணு பத்துக்கு, பத்து நிமிஷம் வலது கைக்கு என்ன வேலை?”

அருள்மணியின் முகம் மலர்ந்தது. “சாப்பாடு!”

“நின்னுண்டே சாப்பிடறா. தினமும் திரைக்கு முன்னாடி. அப்ப சாப்பாடு விக்கறவாளுக்கு அவா முகம் தெரியும்.” அவள் ஜெயகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். “நேரு பிளேஸ்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மெட்ரோவுல அரை மணி. நீங்க ஏன் போய்ப் பார்க்கலை?”

அவர் போனைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வைத்த இடத்தைத் தடவிச் சரிபார்த்தார்.

“அது சரியா இருக்காதும்மா” என்றார்.

*

நேரு பிளேஸில் அருள்மணியின் ஸ்கூட்டர் நின்றபோது மணி ஒன்று ஐந்து. படிக்கட்டு ஏறியதும் லேப்டாப், பென்டிரைவ், பேட்டரி என்று நாலு திசையிலிருந்தும் கூவினார்கள். ஒருவன் அருள்மணியின் கையைப் பிடித்தே இழுத்தான். “பையா, என்கிட்ட இருக்கறது ஸ்கூட்டர். அதுக்கு விண்டோஸ் போட முடியுமா?” என்று அவன் ஹிந்தியில் கேட்க, பிடி தளர்ந்தது.

திறந்தவெளியின் கோடியில் அதே திரை. அதே குளம். அதற்கு முன்னால் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் போனைச் சாய்த்துச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்றபடி ஆயிரம் பேர் அந்த வழியாகப் போனார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வைதேஹி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது வருடமாக மற்றவர்களின் கதவைத் தட்டி விசாரிக்கிறவள். மத்தியானம் ஒன்று பத்துக்கு அவள் வராவிட்டால் யாரும் ஆள் வைத்துத் தேடமாட்டார்கள். அந்த நினைப்பு வந்ததும் அதை ஒதுக்கினாள்.

“இங்க நின்னுகிட்டே கையால சாப்பிடற சாப்பாடுன்னா ஒண்ணுதான் மேடம்” என்றான் அருள்மணி. “முத்தம்மாக்கா. எங்க குடியிருப்புல மூணாவது வீடு.”

முத்தம்மா படிக்கட்டு வளைவில் நாலு எவர்சில்வர் தூக்குகளோடு உட்கார்ந்திருந்தாள். சாம்பார் சாதம், எலுமிச்சம்பழ சாதம், தயிர் சாதம். அருள்மணி விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

“தயிர் சாதம் பாப்பாவா? போன ஐப்பசிக்கு முன்னாலேர்ந்து வருது. ஒரு கையில தட்டு வாங்கி அந்தத் திட்டு மேல வச்சுக்கும், ஒரு கையில போனு. வாய்க்குப் போறது பாதி, கீழ போறது பாதி. அந்தப் பொட்டியப் பார்த்துத் தானா சிரிக்கும். நான்கூட, என்னடா இது, புள்ளைக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன்.”

“இப்ப வரதில்லையா?” என்றாள் வைதேஹி.

“ஏன் வராம? இன்னைக்கும் வந்திருக்குது. அங்க பாருங்க.”

அவள் கரண்டியால் காட்டினாள். சிமெண்டுத் திட்டின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது தாண்டியிருக்கும். கழுத்தில் ஏதோ சர்வீஸ் சென்டரின் அடையாள அட்டை. திரை அவளுக்கு நேர் பின்னால் இருந்தது.

“ரெண்டு வாரமா அப்படித்தான். முதுகக் காட்டிக்கிட்டு உக்காருது. சிரிக்கறதில்ல. ‘என்னம்மா, ஆட்டம் போடலியா’ன்னு கேட்டேன். ‘கதம் ஹோ கயா ஆண்ட்டி’ன்னுச்சு. முடிஞ்சுபோச்சாம்.”

அந்த நேரத்தில் வைதேஹியின் போன் அடித்தது. ஜெயகிருஷ்ணன். இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா, கிடைச்சாளா?”

“இப்பத்தான் வந்திருக்கோம் சார். தேடிண்டிருக்கோம்.”

“அவ தயிர் சாதத்தோட நிறுத்திக்கிற ஆளு. வெளியில எதுவும் ஒத்துக்காது. அங்க தயிர் சாதம் கிடைக்குதான்னு...” சட்டென்று நிறுத்தினார். “சும்மா ஒரு யோசனைதான். வைக்கிறேன்.”

போன் அணைந்தது. அருள்மணி வைதேஹியை வித்தியாசமாகப் பார்த்தான்.

“மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“தயிர் சாதம்தானே? நானும் கேட்டேன்.”

“அது இப்ப. இவர் காலையிலேயே மாட்டிக்கிட்டார். நீங்கதான் கவனிக்கல. ‘வலப்பக்கமாவேதான் திரும்புவா’ன்னார்.”

“அதுக்கென்ன?”

“உங்க வீட்டுத் தமிழ்ல சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாலும் ‘வருவா’ம்பீங்க. தெரியாதவங்களையும் ‘அவா’ம்பீங்க. அதனால உங்க காதுக்கு அது தப்பாப் படல. அவர் திருநெல்வேலிப் பக்கம் மேடம். அந்தப் பக்கமும் சரி, எங்க பக்கமும் சரி, முன்னப்பின்ன தெரியாத பொம்பளைன்னா ‘திரும்புவாங்க’தான். ‘திரும்புவா’ன்னா ஒண்ணு பொண்டாட்டி, இல்ல மக. பொண்டாட்டிதான் செத்துப்போயிட்டாங்களே.” கொஞ்சம் நிறுத்தினான். “அந்த உருவத்துக்கு முகமே கிடையாது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. இவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

வைதேஹிக்குப் பழைய கேஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு அண்ணனுக்குத் தங்கையின் விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். அவன் அண்ணன் இல்லை. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் சஃப்தர்ஜங்கில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் வைதேஹியைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

“ஸ்கூட்டர் கிட்டப் போய் நில்லு” என்றாள். “அவர் உனக்குப் போன் பண்ணினா எடுக்காதே.”

*

அவள் ஒரு தட்டு தயிர் சாதம் வாங்கிக்கொண்டு போய் அந்தத் திட்டில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

“தமிழ்ல ‘அ’வுக்கு மேலே கோடு கிடையாது, தெரியுமோ?”

அந்தப் பெண்ணின் கை தட்டிலேயே நின்றது. அவள் முதலில் வைதேஹியைப் பார்க்கவில்லை. சுற்றிலும் கூட்டத்தைப் பார்த்தாள்.

“அவரும் வந்திருக்காரா?”

“இல்லை. நான் வைதேஹி. டிடெக்டிவ். உன்னைத் தேடச் சொன்னார். உங்கப்பான்னு சொல்லலை. நாங்களா கண்டுபிடிச்சோம்.”

“மை காட்.” அவள் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அதற்குள் வைதேஹி பெயரைப் படித்துவிட்டிருந்தாள். அபூர்வா. “எங்க வேலை செய்யறேன்னு சொல்லிட்டீங்களா? ப்ளீஸ், சச் போலியே, உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டீங்களா?”

“சொல்லலை. சொல்லணுமா வேண்டாமான்னு கேக்கத்தான் வந்தேன். என்ன பண்ணினார்?”

அபூர்வா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். தமிழும் ஹிந்தியும் கலந்து, இரண்டிலும் தடுக்கி.

அம்மா போன பிறகு வீட்டில் இரண்டு பேர். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஆனால் அப்பா பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார். ஆபீஸ் பார்ட்டி, சிநேகிதி கல்யாணம் எதுவானாலும் அவர் முகம் தொங்கிவிடும். திட்டமாட்டார். சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். இருபத்தொன்பது வயதில் அவள் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து அவள் வேலை பார்த்த பதிப்பகத்துக்கு ஒரு புகார் கடிதம் வந்தது. ஏதோ ஒரு பெயரில். இந்தப் பெண்ணின் சான்றிதழ்கள் சந்தேகத்துக்குரியவை, நடத்தையும் அப்படியே என்று. விசாரணை முடிவதற்குள் வேலை போய்விட்டது.

“அடுத்த வேலை டிராவல் கம்பெனி. நாலு மாசத்துல அங்கேயும் லெட்டர். வேற பேர். இந்தத் தடவை ஹெச்.ஆர். எனக்குக் காட்டிட்டாங்க. முதல் லைன் படிச்சதும் தெரிஞ்சுடுச்சு. ‘தங்கள் மேலான பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுவது என்னவென்றால்’, அப்படி இங்கிலீஷ்ல. யார் எழுதுவா அப்படி? எனக்கு ஜுரம்னு ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் எழுதினாக்கூட அப்பா அப்படித்தான் எழுதுவார்.”

“கேட்டியா?”

“கேட்டேன். ‘வேலை இல்லைன்னா வீட்டுக்கு வருவேன்னு நெனச்சேன்’னார். அவ்ளோதான். ஸாரிகூட இல்ல. நம்பர் மாத்தினேன், வீடு மாத்தினேன். மூணு வருஷம் ஆச்சு.”

“பூங்காவில அவர்தான்னு எப்பத் தெரிஞ்சுது?”

அபூர்வா முதல்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தாள். பாலத்தின் பக்கம் யாரும் இல்லை.

“நான் தில்லியில பொறந்தவ. ஆனா எனக்கு இங்க யாருமே இல்ல, தெரியுமா? பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அப்பா போன் பண்ணுவார், அதனால எல்லாரையும் விட்டேன். ரூம்ல நான், ஆபீஸ்ல ரிப்பேருக்கு வர்ற லேப்டாப். ஒருநாள் இதுல சும்மா நடந்தேன். என் பேரோட முதல் எழுத்து எழுதிப் பார்த்தேன். ஒரு உருவம் வந்து கிட்ட நின்னுச்சு. நான் நடந்தா நடந்துச்சு. உட்கார்ந்தா உட்கார்ந்துச்சு. அடுத்த நாளும் வந்துச்சு. எதுவும் கேக்கல. எங்க வேலை, கல்யாணம் ஆச்சா, எதுவும் இல்ல. மனசுக்குள்ள அதுக்கு ஷர்மாஜின்னு பேர் வச்சேன். நல்ல மனுஷன், ரிடையர் ஆனவர், நாய் வளர்க்கறார்னு நானே எல்லாம் சேர்த்துக்கிட்டேன்.”

அவள் லேசாகச் சிரித்தாள்.

“ரெண்டு வாரம் முன்னாடி பல் டாக்டர்கிட்ட போக லீவ் போட்டேன். முடிஞ்சதும் கறிவேப்பிலை, அப்பளம் வாங்கலாம்னு ஐ.என்.ஏ. போனேன். மணி ஒண்ணு அடிச்சுது. அங்கேயும் திரை இருக்கே, இன்னைக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து போய் ஷர்மாஜியை பயமுறுத்தலாம்னு வந்தேன். திரையில அந்த உருவம் பாலத்துக்குக் கிட்ட நின்னுட்டிருந்தது. எனக்காக. கோட்டு போட்ட ஒருத்தர் முன்னாடி நின்னு போனை ரெண்டு கையால பிடிச்சிருந்தார். அவர் கை அசைஞ்சா அது அசைஞ்சுது.”

முத்தம்மா அந்தப் பக்கம் யாரிடமோ சில்லறைக்குச் சத்தம் போட்டாள். அபூர்வா அது ஓயும்வரை இருந்தாள்.

“தூணுக்குப் பின்னாடி நின்னேன். நாற்பது நிமிஷம். காவலாளி அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரல. ரெண்டு மணி வரைக்கும் அந்தப் பாலத்தையே பார்த்துட்டிருந்தார். எனக்குக் கோபம்கூட வரல ஆண்ட்டி. எனக்கு ஒரே ஒரு ஃப்ரெண்ட் இருந்தார். அவர் செத்துப்போயிட்டார். அப்படித்தான் இருந்துச்சு.”

வைதேஹி கை கழுவிவிட்டு வந்தாள். சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

“அபூர்வா, பாலம்னா நேரு பிளேஸ்னு அவருக்கு அஞ்சு மாசமாத் தெரியும். ‘அ’வுக்கு மேலே அந்தக் கோட்டைப் பார்த்ததுமே நீதான்னும் தெரிஞ்சிருக்கும். இங்கே வந்து ஒரு மணிக்கு நின்னா உன்னைப் பார்த்திருக்கலாம். பின்னாடியே போய் ஆபீஸைக் கண்டுபிடிச்சிருக்கலாம். வரலை. ஏன் போகலைன்னு கேட்டேன். சரியா இருக்காதுன்னார். நீ வராம நின்னப்புறம்கூட, தானா வராம என்னைத்தான் அனுப்பினார்.”

“அதுக்கு மெடல் கொடுக்கணுமா?”

“வேண்டாம். நடந்ததைச் சொன்னேன்.”

அபூர்வா தட்டிலிருந்த மீதிச் சோற்றை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். கல்லூரிப் பையன்கள் விளையாடி முடித்துவிட்டுப் போனார்கள். திரையில் குளம் காலியாக இருந்தது.

“நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க” என்றாள் கடைசியில். “உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேலை இருக்கு. எங்கேன்னு சொல்லாதீங்க. அப்புறம்... அந்தப் பார்க் எனக்கு வேணும். நான்தான் முதல்ல வந்தேன். அவர் இனிமே அதுல வரக்கூடாது. எப்பவும். அவர் வரமாட்டார்னு தெரிஞ்சா நான் திரும்பிப் போவேன். அவரால முடியுமான்னு கேளுங்க.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“இல்ல” என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், “இல்ல.”

*

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முனிர்க்காவில் ஜெயகிருஷ்ணனின் இரண்டாவது மாடி ஃப்ளாட்டுக்கு அவர்கள் ஏறியபோது, அவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர், கோட்டு, கையில் மெட்ரோ கார்டு. தினமும் அந்த நேரத்துக்குக் கிளம்புகிறவர்.

“சார், உங்க மகளைப் பார்த்தேன்” என்றாள் வைதேஹி.

அவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். மகள் என்று நான் சொல்லவில்லையே என்று அவர் கேட்கவில்லை.

“உடம்பு?”

“நன்னா இருக்கா. வேலையில இருக்கா. எங்கேன்னு சொல்லமாட்டேன். நீங்க எனக்கு எவ்வளவு கொடுத்தாலும் சொல்லமாட்டேன்.”

“வேண்டாம்” என்றார் அவர் அவசரமாக. “சொல்லாதீங்க. சொன்னா எனக்கு எழுதத் தோணும்.”

அருள்மணி படியில் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டான்.

“லெட்டர் விஷயம் சொல்லியிருப்பா.” ஜெயகிருஷ்ணன் சுவரைப் பார்த்துப் பேசினார். “முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல எழுதினேன். நான் எழுதி ஒரு காரியம்கூட நடந்ததில்ல. அந்த ரெண்டும்தான் நடந்தது.” பெருமூச்சு விட்டார். “இப்ப என்ன சொன்னா?”

வைதேஹி சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. ஐ.என்.ஏ.வில் தூணுக்குப் பின்னால் அவள் நின்றதையும், பூங்காவைக் கேட்டதையும் சொன்னாள். அவர் ஒரு பழைய அதிகாரியின் முகத்தோடு, ஆணையைக் கேட்பதுபோல் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையாட்டினார்.

“சரின்னு சொல்லிடுங்க. இன்னைக்கே சொல்லிடுங்க. நாளைக்கு அவ போகட்டும்.”

அவர் மெட்ரோ கார்டைப் பார்த்தார். பையில் போட்டார். சாவியை எடுக்கப் போனவர் பாதியில் நின்றார்.

“அம்மா, அன்னைக்கு எவ்வளவு நேரம் என் பின்னால நின்னதாச் சொன்னா?”

“நாற்பது நிமிஷம்.”

“எவ்வளவு தூரத்துல?”

“அந்தத் தூண்னா... பத்தடி இருக்கும்.”

“பத்தடி.” அவர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் ஓரத்தால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “மூணு வருஷத்துக்கு அப்புறம் நாற்பது நிமிஷம் எம்மக எங்கூட நின்னிருக்கா. நான் திரும்பியே பார்க்கலையே.”

கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

அருள்மணிதான் மேலே ஏறி வந்து, பூட்டில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

“வாங்க சார். ஸ்கூட்டர் கீழதான் நிக்குது. எங்கயாவது போய் டீ குடிக்கலாம்.”

“ஒரு மணிக்கு வேற எங்க போறதுன்னு எனக்கு...” என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் அவர் படியில் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

வாசலில் வைதேஹி நின்றுகொண்டாள். அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அருள்மணியின் தோளைப் பிடித்தார். ஸ்கூட்டர் தெருமுனையில் ஒரு கணம் தயங்கி, ஐ.என்.ஏ. போகும் சாலையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பியது.